கீழே கடை, மேலே அக்கா

ஆர்க்கிடெக்ட்டுக்கு ஊரில் யாரிடமும் பயம் கிடையாது. மேயரிடம் வாதாடுவார், கான்ட்ராக்டரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். பயப்படுகிற ஒரே ஆள் அவருடைய அக்கா. அந்த அக்காவே, அவர் வரைந்த கட்டடத்தில், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீடு வாங்கிவிட்டாள்.

"நீதான மீட்டிங் மீட்டிங்கா போய்ப் பேசுன? கீழ கடை, மேல வீடு, பென்சில் வாங்கக் கார் எடுக்க வேண்டாம்னு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வாங்கிட்டேன்."

ஆர்க்கிடெக்ட்டுக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. நகரத்தின் நடுவே, ஒரு பழைய கடைவரிசையை இடித்துவிட்டுக் கட்டிய ஐந்து மாடி அது. கீழே ஒன்பது கடைகள், மேலே இருபத்து நான்கு வீடுகள். தெருவைப் பார்த்துக் கடைகளுக்கு முன்னால் உயரமான வளைவுகள். அந்த வளைவுகளின் படம் ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்திருந்தது. அட்டையைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டியிருந்தார். அவர் குடியிருந்தது மட்டும் நகரத்துக்கு வெளியே, பென்சில் வாங்கக் காரில் பத்து நிமிஷம் போக வேண்டிய இடத்தில். அக்கா இதைக் கவனிக்காமல் இல்லை. சமயம் வரும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தனி ஆள். கோர்ட் விசாரணைகளின் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு சொல் விடாமல் டைப் அடித்துக் கொடுப்பது அவள் தொழில். சாட்சி இருமினால் 'இருமல்' என்று அடிப்பாள். வக்கீல் தயங்கினால் 'தயக்கம்' என்று அடிப்பாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் காகிதத்தில் ஒரு பிழை வந்ததில்லை.

குடிவந்த மூன்றாவது வாரம் கோர்ட்டிலிருந்து போன் வந்தது. ஒரு திருட்டு வழக்கில், 'நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்' என்று சாட்சி சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் 'இசை' என்று அடித்திருந்தாளாம். சாட்சிக் கூண்டில் யார் இசைத்தார்கள் என்று நீதிபதி கேட்கிறாராம்.

அடுத்த நிமிஷமே அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், என் வீட்டுக்கு நேர் கீழ இருக்கிற நாலாம் நம்பர் கடையில என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"கடைதானக்கா. வியாபாரம் நடக்கும்."

"ட்ரம்பெட் ரிப்பேர் நடக்குது. ஒவ்வொண்ணையும் பழுது பார்த்துட்டு அந்த ஆள் ஊதிப் பார்க்கிறார். ஒரு நாளைக்கு ஏழெட்டு. என் காப்பி டம்ளர் மேஜையில தானா நகருது."

"உன் காது ரொம்பக் கூர்மைக்கா. மத்தவங்களுக்கு அவ்வளவு கேக்காது."

"அப்படியா? ஒரு வாரம் இங்க வந்து இரு. உன் காது மழுங்கல்தானே, நல்லாத் தூங்குவே."

மறுக்க வழி இல்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னார். "தாராளமா போயிட்டு வாங்க, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றாள் அவள், பெட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே.

முதல் நாள் காலை ஒன்பதரை மணி. ஆர்க்கிடெக்ட் அக்காவின் சோபாவில் உட்கார்ந்து, தான் வரைந்த ஜன்னல் வழியாகத் தான் வரைந்த தெருவை ரசித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் எவ்வளவு அழகாக விழுகிறது என்று அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தார். கீழே முதல் ட்ரம்பெட் கிளம்பியது. திறந்த வாய் அப்படியே நின்றது. சத்தம் காது வழியாக வரவில்லை, உள்ளங்கால் வழியாக ஏறி முழங்காலில் உட்கார்ந்துகொண்டது.

"வெளிச்சம் பத்தி ஏதோ சொல்ல வந்தியே?" என்றாள் அக்கா.

மத்தியானம் அவர் கீழே இறங்கிப் போனார். நாலாம் கடைக்காரர் அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். ஊதி ஊதிக் கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. தெருவில் எல்லாருக்கும் அவர் ட்ரம்பெட்காரர். இடித்த பழைய வரிசையிலும் அவர் கடை இருந்தது. அப்போது மேலே குடோன், புறாக்கள் மட்டும்தான்.

"ஊதாம பார்க்க முடியாதா?" என்று கேட்டார் ஆர்க்கிடெக்ட்.

"கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் காத்து கண்டுபிடிக்கும் சார். ஊதினாத்தான் தெரியும்." ட்ரம்பெட்காரர் குரலைத் தாழ்த்தினார். "மேல இருக்கிற மேடம் கோபமா இருக்காங்கன்னு தெரியும். ரெண்டு தடவை தரையில தட்டினாங்க. நான் இதையெல்லாம் முன்னாடியே எழுதிக் கொடுத்தேனே சார். உங்க ஆபீஸ்ல ஃபாரம் கொடுத்தாங்களே, கடை இடிக்கிறதுக்கு முன்னால."

ஆர்க்கிடெக்ட்டுக்கு ஃபாரம் நினைவிருந்தது. ஒன்பது கடைக்காரர்களும் நிரப்பிக் கொடுத்தது. அதில் 'எத்தனை சதுர அடி' என்ற கட்டத்தை மட்டும்தான் அவர் பார்த்தார். வரைபடத்தில் ஒன்பது பெட்டி போட்டு 'கடை, கடை, கடை' என்று எழுதி, ஒவ்வொரு வாசலிலும் சிரித்த முகத்தோடு ஒரு மனிதனை நிற்கவைத்தார். ஒருவன் கையிலும் சுத்தியல் இல்லை. ஒருவன் வாயிலும் ட்ரம்பெட் இல்லை.

சாயங்காலம் ஆபீஸுக்குப் போய்ப் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். நாலாவது தாளில், கோணல் இல்லாத கையெழுத்தில் இப்படி இருந்தது: 'பழுது பார்த்தபின் ஊதிப் பார்க்க வேண்டி வரும். சத்தம் வரும். மேலே யார் குடிவருவார்கள் என்று சொன்னால் நேரத்தை அவர்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வேன்.'

இதைவிட அவரைக் குத்திய விஷயம் இன்னொன்று, அது எந்தத் தாளிலும் இல்லை. முதலில் வரைந்தபோது கடைகளின் கூரைக்குக் கீழே பஞ்சு அடைத்த இன்னொரு கூரையும், ஒவ்வொரு மாடியிலும் டைல்ஸுக்கு அடியில் ரப்பர் விரிப்பும் இருந்தன. சத்தத்தைத் தடுக்க. ஆனால் கட்டடத்தின் மொத்த உயரத்துக்கு வரம்பு உண்டு. இரண்டையும் வைத்தால் வளைவுகள் குட்டையாகிவிடும். வளைவுகளுக்காக இரண்டையும் அவரே ஒரு மத்தியானத்தில் அழித்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. அட்டைப்படம் வந்தது.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஐந்து நாள் சோபாவில் படுத்துப் புரண்டார்.

இதற்குள் விஷயம் அக்காவின் கையை மீறிப் போய்விட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் இரண்டாவது மாடியில், அக்கா வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் பல் டாக்டர். எதையும் வேரோடு பிடுங்கினால்தான் அவருக்குத் திருப்தி. அக்கா புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்த நாலு வரியைப் பார்த்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். நாலாம் கடையைக் காலி செய்ய வேண்டும், அங்கே கண்ணாடிக் கடையோ பூக்கடையோ வர வேண்டும் என்று தீர்மானம். ஆர்க்கிடெக்ட் இங்கேயே தங்கியிருக்கிறார் என்று தெரிந்ததும் டாக்டருக்கு இன்னும் வசதி.

"நீங்க ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தா போதும் சார்" என்றார் மாடிப்படியில் மடக்கி. "இந்தத் தொழில் இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாதுன்னு. கட்டடத்து மேல குத்தம் இல்லன்னும் சேர்த்து எழுதிக்குங்க. உங்களுக்கும் நல்லது."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அக்கா தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"நான் சத்தம் குறையணும்னுதான்டா எழுதினேன். அந்த ஆளைத் தூக்கி வெளிய போடச் சொல்லலையே."

"தெரியும்க்கா."

"நேத்து லிஃப்ட்கிட்ட பார்த்தேன். 'மேடம், நீங்க எத்தனை மணிக்கு வேலை செய்வீங்க, நான் அப்ப ஊதாம இருக்கேன்'ங்கிறார். நான் நாள் பூரா வேலை செய்யறவ. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல." குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "டாக்டர் கேட்ட காகிதத்தை நீ எழுதப் போறியா?"

ஆர்க்கிடெக்ட் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"தயக்கம்" என்றாள் அக்கா, டைப் அடிப்பதுபோல் விரலை மேஜையில் தட்டி.

ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். ட்ரம்பெட்காரர் கடைசி வரிசையில், நன்றாகத் தேய்த்த சட்டையில், ஒரு காலை இன்னொன்றின் மேல் போடலாமா வேண்டாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் தீர்மானத்தைப் படித்து முடித்து, "இப்ப ஆர்க்கிடெக்ட் சார் ரெண்டு வார்த்தை" என்றார்.

ஆர்க்கிடெக்ட் எழுந்தார். பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்து, ட்ரம்பெட்காரர் எழுதியிருந்த மூன்று வரிகளையும் படித்தார்.

"இதை இவர் கட்டடம் கட்டுறதுக்கு முன்னாலயே எழுதிக் கொடுத்தார். நான் படிக்கல. சத்தத்தைத் தடுக்க ஒரு கூரை இருக்க வேண்டிய இடத்துல இப்ப இல்ல. முதல்ல வரைஞ்சப்ப இருந்துச்சு. வளைவு உயரமா தெரியணும்னு நான்தான் எடுத்தேன். தொழில்ல குத்தம் இல்ல. இவரை மாத்த வேண்டாம், என் கட்டடத்தை மாத்தறேன்."

அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஜன்னலை உடைத்தால்கூட பந்தின் மேல் பழி போட்டவன் அவன்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அப்ப அந்த வளைவு? பத்திரிகையில வந்ததே?"

"நாலாம் கடையோட வளைவு மட்டும் குட்டையாயிடும்."

"ஒண்ணு மட்டும் குட்டையா? பல்வரிசையில ஒரு பல் பாதி உடைஞ்ச மாதிரி இருக்குமே!"

"ஆமா டாக்டர். உங்களுக்குப் பார்க்கப் பார்க்கப் பழகிடும்."

முதலில் சிரித்தது கடைசி வரிசை. அப்புறம் எல்லாரும். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர், தாங்கள் சரியாகப் படிக்காமல் போட்டுவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தீர்மானம் டாக்டரின் கையிலேயே நின்றுபோயிற்று.

வேலை பதினோரு நாள் நடந்தது. செலவு ஆர்க்கிடெக்ட்டின் ஆபீஸுடையது. நாலாம் கடையில் பஞ்சு அடைத்த கூரை இறங்கியது. பின்பக்கம், ஒரு ஆள் நின்று ஊதும் அளவுக்குக் கனத்த சுவரோடு ஓர் அறை எழுந்தது. அது எந்த இடத்தில் இருக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். "ட்ரம்போன்காரங்களும் வருவாங்க சார், கையை நீட்டணும்" என்று ட்ரம்பெட்காரர் கையை முழுக்க நீட்டிக் காட்டினார். அறை இன்னும் ஒன்றரை அடி நீண்டது. வெளியே தெருவில் வளைவு பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. ஆர்க்கிடெக்ட் இரண்டு நாள் எதிர்ப்பக்க நடைபாதையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் துணிந்து பார்த்தார். டாக்டர் சொன்னது சரிதான். உடைந்த பல்தான்.

முதல் ட்ரம்பெட்டை ஊதிப் பார்த்த காலையில் அக்கா வீட்டில் மூன்று பேர் நின்றார்கள். அக்கா, ஆர்க்கிடெக்ட், சங்கத்தின் சார்பில் டாக்டர். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ட்ரம்பெட்காரர் மேலே ஏறி வந்து, "எப்படி மேடம்?" என்றார்.

"எப்ப ஊதப் போறீங்க?"

"ஊதி முடிச்சுட்டேனே!"

அக்கா அவரை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. தரையில் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்டாள். தாளம் ஒன்றும் மோசமில்லை என்றார் அவர்.

ஒரு வாரம் கழித்து அக்கா மறுபடி போன் செய்தாள்.

"சொல்லுக்கா. ட்ரம்பெட்டா?"

"இல்லடா. கீழ சுத்தமா அமைதி. அதனால இப்ப மேல கேக்குது. டாக்டர் வீட்டுல சாப்பிட உக்காரும்போது ஆறு நாற்காலியையும் தரையில தரதரன்னு இழுக்கிறாங்க. எழும்போது மறுபடி ஆறு."

ஆர்க்கிடெக்ட் கண்ணை மூடிக்கொண்டார். ரப்பர் விரிப்பு.

"அக்கா, உன்கிட்ட இன்னொண்ணு சொல்லணும். நான் எடுத்தது கூரையை மட்டும் இல்ல."

அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எத்தனை மாடி?" என்றாள்.

"எல்லா மாடியும்."

"டைல்ஸைப் பேர்த்துப் போட முடியுமா?"

"இருபத்து நாலு வீட்டையும் காலி பண்ணணும்."

"அப்ப வா. வேற வழி பார்க்கலாம்."

வேறு வழி ட்ரம்பெட்காரரிடம் இருந்தது. வாத்தியங்களின் மூடிகளுக்கு அடியில் ஒட்டுகிற கெட்டிக் கம்பளித்துணி அவர் கடையில் சுருள் சுருளாகக் கிடந்தது. நாற்காலி, மேஜைக் கால்களுக்கு அடியில் ஒட்ட அதை வட்டம் வட்டமாக வெட்டிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை ஆர்க்கிடெக்ட் பசைக் குப்பியும் ஒரு டப்பா வட்டங்களுமாக வீடு வீடாக ஏறினார். எத்தனை பேர், எப்போது சாப்பிடுவார்கள், எதை இழுப்பார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். மக்கள் ஆச்சரியப்பட்டாலும் சொன்னார்கள். மூன்றாவது மாடியில் ஒரு அம்மாள், தன் தையல் மெஷினையும் சேர்த்து ஒட்டச் சொன்னாள்.

டாக்டர் வீட்டில் ஆர்க்கிடெக்ட் மேஜைக்கு அடியில் முழங்கால் போட்டுக் குனிந்திருந்தார். டாக்டர் ஒரு நாற்காலியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், மேஜையோட நாலாவது கால் ஆடுது. நல்லா அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன் டாக்டர்."

"வலிச்சா சொல்லுங்க" என்றார் டாக்டர், வழக்கம்போல.

வாசலில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.