ரெக்ட் என்றால் நேர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உரக்கச் சொல்ல முடியாத கதை இது. யுத்த காலத்தில் திருத்தணியில் பேச்சு நின்றுபோன ஒரு வாத்தியாரையும், அவர் வாயைத் திறக்கப் பார்த்த அவர் பெண்சாதி வள்ளிநாயகியையும் பற்றிச் சொல்கிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

பக்தவச்சலம் வாத்தியார் ஐப்பசி மழையில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு முன்னாலேயே சரிந்து விழுந்தார். வலது கை விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போயிற்று. காது கேட்கும். சொன்னது புரியும். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். ஆனால் எதைக் கேட்டாலும் வாயில் வருவது ஒரே ஒரு “ஆங்”. வேணும் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். இருபத்திரண்டு வருஷமாக வாசலில் கால் வைக்கும்போதே “வள்ளி” என்று கூப்பிட்டுக்கொண்டு நுழைந்த மனுஷர். பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரே என்று தெருவே சிரித்திருக்கிறது. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் இப்போது விறகு வெடிக்கிறதுதான் பெரிய சத்தம்.

குடியிருந்ததும் பள்ளிக்கூடத்து வீடு. தை பிறந்ததும் பள்ளிக்கூட மானேஜர் சாமிநாதன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை நேரில் வருவாராம். பாடம் நடத்த வாத்தியாருக்கு வாய் இருந்தால் வேலையும் வீடும் உண்டு. இல்லையென்றால் பொதட்டூர்பேட்டையிலிருந்து வேறொருவர் குடிவருவார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வள்ளிநாயகி அரிசி புடைத்துக்கொண்டே தன்னையறியாமல் எதையோ முணுமுணுத்தாள். தினமும் விடிகாலையில் அந்த வீட்டில் நடந்த டியூஷன் பாட்டு அது. வாத்தியார் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தனித்தனியாகச் சொல்லித் தரமாட்டார். வேரைப் பிடித்து, வம்சம் வம்சமாக, ராகம் போட்டுச் சொல்வார். “லத்தீன் பாஷதான்டா பாட்டன். நேரா நிக்க வெக்கிறதும், நேரா கூட்டிகினு போறதும், ராஜாவா ஆள்றதும் அவனுக்கு ஒரே வேரு. கரெக்ட்டும் டைரக்டரும் பங்காளிங்க” என்பார். அரக்கோணத்து வண்டி கூவினால், “அது ஓடுதே ரெயிலு, அதுவும் இந்தக் குடும்பந்தான்” என்பார். எழுத்தே அறியாத வள்ளிநாயகிக்கு அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டே அத்தனையும் மனப்பாடம்.

“ரெக்ட்னா நேரு...” என்று இழுத்தாள்.

“கரெக்ட், டைரக்ட், எரெக்ட், ரெக்டாங்கிள்” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

முறம் கவிழ்ந்தது. சிந்திய அரிசியை மிதித்துக்கொண்டே ஓடினாள். “இன்னாங்க! இன்னொரு தபா சொல்லுங்க!”

“ஆங்” என்றார் அவர்.

அவள் மறுபடி தொடங்கிக் கொடுத்தாள். அவர் மறுபடி ஓடினார். ரெகுலர், ரெஜிமென்ட், ரீஜன்ட், ரூல், ரெயில் என்று மூச்சு விடாமல் கடைசிவரை போய் நின்றார். சாதம் போடட்டுமா என்று கேட்டால் பழையபடி ஆங். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாக்கு புரண்டுவிட்டது, மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்று நம்பினாள். அன்றைக்கே மலைக்குப் போய்ப் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறினாள். உச்சிக்குப் போனபோது இடுப்பு நிமிரவில்லை, மனசு நிமிர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மானேஜர் வந்தார். விழுந்த கையைத் துப்பட்டியால் மூடி, அவரை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாள்.

“இன்னா வாத்தியாரே, எப்டி கீறீங்க?”

அவர் வாய் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து வள்ளிநாயகி முந்திக்கொண்டாள். “பசங்க பாடத்த மறந்துருப்பானுங்கன்னு ஒரே கோவம்ங்க. இந்த மூணு நாளா ஓயாம சொல்லிகினு கீறாரு. ரெக்ட்னா நேரு...”

வாத்தியார் தொடங்கினார். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. ரெயிலில் வந்து நின்றதும் மானேஜர் தொடையைத் தட்டினார்.

“அடேங்கப்பா! வாய் போச்சுன்னு எவன்யா சொன்னான்? எனக்கு இப்டி ஒருத்தர் சொல்லிக் குடுத்திருந்தா நான் இந்நேரம் தாசில்தாரு. திங்கக்கெழம வந்துடுங்க வாத்தியாரே. எழுதிப் போட ஒரு ஆள வெச்சிக்கலாம்.”

வள்ளிநாயகிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மானேஜர் சந்தோஷத்தில் எழுந்தார்.

“ஜெயிச்சது உங்க வூட்டம்மாதான். கூப்ட்டு ஒரு லோட்டா மோரு குடுக்கச் சொல்லுங்க, குடிச்சிட்டுக் கெளம்பறேன்.”

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார். உதடு துடித்தது.

மோர்ச்சட்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஓடிவந்து நீட்டியிருந்தால் வேலை தப்பியிருக்கும், வீடு தப்பியிருக்கும். அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் கூப்பிடப்போகிறார், இதோ கூப்பிடப்போகிறார் என்று அசையாமல் நின்றுவிட்டாள்.

“டைரக்ட்” என்றார். தப்பு என்று தெரிந்து தலையை ஆட்டினார். “டைரக்ட்... ரெஜிமென்ட்.”

“மோருகூட இங்கிலீஷ்லயா!” என்று மானேஜர் சிரித்தார்.

வாத்தியார் இடது கையால் நாற்காலியை அறைந்தார். “ரெஜிமென்ட்! ரெஜிமென்ட்!” கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டி நழுவி, செத்த கை மடியில் கிடந்தது.

மானேஜரின் சிரிப்பு நின்றது. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

“தப்பா சொல்றோம்னு அவருக்கே தெரியுதும்மா. அதான் பாக்க முடியல. பங்குனி முடியற மட்டும் வூட்ல இருங்க.”

மோரைக் குடிக்காமலே போனார்.

வள்ளிநாயகி வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பாட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. அவருடைய நல்ல கையைத் தூக்கித் தன் தொண்டைக்குழியில் வைத்து, “வள்ளி” என்றாள். தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொள்வது யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. திரும்பவும் சொன்னாள்.

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மேல்பல் மெல்ல இறங்கி, ‘வ’வுக்காகக் கீழுதட்டில் பதிந்தது. அங்கேயே நின்றது. காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு வாயும், “இதோ வந்துட்டேன்” என்று சொல்ல ஒரு வாயும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.