ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம்

செண்பகவல்லிக்கு வரலாறு தெரியாமலில்லை. மார்ச் மாதப் பொதுத்தேர்வில் பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை நான்கு பக்கம் எழுதினாள். ஓர் அடித்தல் கிடையாது. ஆனால் அதற்கு முன் மூன்று தாள்களை எழுதி அடித்துப் போட்டிருந்தாள். நல்ல பிரதி முடிந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். மிச்சமிருந்த ஆறு கட்டுரைகளில் ஒன்றுதான் எழுத முடிந்தது. இருபத்தொன்பது மார்க். மற்ற எல்லாப் பாடமும் பாஸ்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பதினான்கு வருடமாகக் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபிஸில் வேலை. இப்போதெல்லாம் தீக்குச்சி மருந்தின் வாடை பட்டாலே இருமல் வந்து ஒரு மணி நேரம் நிற்காது. அங்கன்வாடி வேலைக்குப் பிளஸ் டூ கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். ஜூலையில் துணைத்தேர்வு. அதையும் விட்டால் இந்த வருட விண்ணப்பம் போய்விடும்.

இதெல்லாம் தெரிந்தும் அவள் கை கேட்கவில்லை. வீட்டில் பழகும்போது முதல் வரியில் ஒரு சொல் சரியாக அமையாவிட்டால் தாளைக் கிழிப்பாள். மறுபடி எழுதுவாள். எழுத்து வலப்பக்கம் சாய்ந்தால் மறுபடி கிழிப்பாள். மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணிக்குக் காந்தியடிகள் இன்னும் தண்டிக்குக் கிளம்பியிருக்க மாட்டார்.

ரூபி அவளோடு வேலை பார்ப்பவள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். சர்ச் முடிந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேராக வந்து, செல்போனைக் கீழே வைத்தாள்.

"ஏழு கேள்விக்கு ஒன்னரை மணி நேரம் வச்சுக்க. ஒன்னுக்குப் பன்னெண்டு நிமிஷம் வருது. அலாரம் அடிச்சா தாளைப் பிடுங்கிருவேன். பெறகு என்னைத் திட்டக்கூடாது."

அலாரம் அடித்தது. ரூபி பிடுங்கினாள்.

"ஏட்டி, குடு! இன்னும் ஒரு வரிதான்!"

"ஒரு வரின்னுதான் ஒரு மணி நேரம் எழுதுத. அடுத்ததை எழுது."

அடுத்ததை எழுத முடியவில்லை. முடிக்காமல் விட்ட முதல் தாள் ரூபியின் மடியில் கிடந்தது. கண் அங்கேயே போனது. சோற்றை அடுப்பில் விட்டு வெளியே வந்ததுபோல் மனம் அடித்துக்கொண்டது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. மூன்றாவது ஞாயிறு, ரூபி நான்காவது தாளைப் பிடுங்கியபோது, செண்பகவல்லி அவள் கையில் ஓங்கி அடித்துவிட்டாள். அதோடு நிற்கவில்லை. எட்டு மாதமாக எழுதிச் சேர்த்த குறிப்பு நோட்டை எடுத்து நடுவில் கிழித்தாள். மறுபடியும் கிழித்தாள்.

ரூபி சிவந்த கையைத் தடவிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்குப் படிக்கக் கிடைக்கல. உனக்குக் கிடைச்சதை நீயே கிழிச்சுட்ட. நான் வாரேன்."

மறுநாளிலிருந்து ஆபிஸில் அவள் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கணவன் பரமசிவன் மினி லாரி ஓட்டுகிறவன். அதட்டிப் பேசமாட்டான். கிழிந்த தாள்களைக் கூட்டி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "விட்டுரு செண்பகம். உடம்பைக் கெடுத்துக்கிடாத. பாஸாகாட்டா என்ன, நான் இருக்கேம்லா" என்றான். அந்தப் பேச்சில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளால் முடியாது என்று அவனும் முடிவுகட்டிவிட்டான்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தானே அலாரம் வைத்துப் பார்த்தாள். அடித்ததும் தானே அதை நிறுத்திவிட்டு அதே விடையை எழுதிக்கொண்டிருந்தாள்.

தேர்வு அறையில் சின்னக் கேள்விகளை முடிக்கும்போது பதினொன்று இருபது. பரவாயில்லை என்று நினைத்தாள். முதல் கட்டுரை தொழிற்புரட்சியின் விளைவுகள். ஒரு பக்கம் எழுதினாள். தொடக்கம் பிடிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டாள். மறுபடி எழுதினாள். நூற்பு இயந்திரம் வந்த ஆண்டு சட்டென்று மறந்தது. இடம் விட்டு எழுதியவளுக்கு அந்த வெற்றிடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. மறுபடி கோடு போட்டாள்.

"கூடுதல் தாள் யாருக்கும் வேணுமா?" என்றார் கண்காணிப்பாளர்.

நிமிர்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. ஒன்றேகாலுக்கு மணி அடித்துவிடும். ஏழு கட்டுரையில் ஒன்றுகூட முடியவில்லை.

பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விடலாம் என்று உண்மையாகவே நினைத்தாள். வயிற்று வலி என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். பரமசிவன் ஒன்றும் கேட்கமாட்டான். நாளைக் காலை ஆபிஸ் வேனில் ஏறிவிடலாம். அந்த வேனை நினைத்ததுமே தொண்டையில் இருமல் வந்து நின்றது. உட்கார்ந்தபடியே இருமினாள். கண்ணில் நீர் வழிய இருமினாள்.

இருமல் அடங்கியதும், 'தொழிலாளர்கள் நகரங்களில் நெருக்கமாக' என்று பாதியில் நின்ற வாக்கியத்தை முடிக்காமலே, கீழே அடுத்த கேள்வியின் எண்ணைப் போட்டாள். பல்லைப் பிடுங்கிப் போட்டதுபோல் வலித்தது.

அதன்பின் கையெழுத்தைப் பார்க்கவில்லை. தலைப்பு, அதன்கீழ் நினைவுக்கு வந்தது, ஆண்டு தெரிந்தால் ஆண்டு, தெரியாவிட்டால் அடுத்தது. எழுத்துகள் கோணிக் கோணிப் போயின. சம்பாரன் என்ற இடப்பெயரில் ஓர் எழுத்தை விட்டதைக் கண்டாள், அப்படியே போனாள். ஒவ்வொரு கேள்வியையும் பாதி உயிரோடு விட்டுவிட்டு ஓடுவதுபோல் இருந்தது. கடைசிக் கட்டுரையில் ஐந்து வரி எழுதியிருந்தபோது மணி அடித்தது.

வெளியே கருவேல மரத்தடியில் உட்கார்ந்து, தான் எழுதிய அசிங்கத்தை யாரோ ஒருவர் திருத்தப்போகிறார் என்று நினைத்து நினைத்துக் கூசினாள். வீட்டுக்குப் போக இரண்டு பஸ்களை விட்டாள்.

முடிவு வந்த அன்று பிரவுசிங் சென்டரில் நாற்பத்தொன்று என்று திரையில் நின்றது. பாஸ். கடைக்காரர் சொன்ன பிறகும் இரண்டு தடவை பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. உடம்பிலிருந்து ஏதோ கனம் இறங்கியதுபோல் மட்டும் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ரூபியின் வரிசைக்குப் போய் அவள் பக்கத்தில் தூக்குவாளியோடு உட்கார்ந்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"நாப்பத்தொன்னு" என்றாள்.

ரூபி சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "எல்லாக் கேள்வியும் எழுதுனியா?"

"எழுதுனேன். ஒன்னுகூட முழுசா இல்ல. கேவலமா எழுதுனேன், ரூபி. நல்லாத் தெரிஞ்சதையும் பாதியிலயே விட்டுட்டேன்." ரூபியின் கையைப் பார்த்தாள். "உன்னைக் கைநீட்டி அடிச்சிட்டேனே."

"அடிச்ச." ரூபி தன் வாளியிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தாள். "சாப்பிடு. அங்கன்வாடி விண்ணப்பம் என்னைக்குக் குடுக்காவ?"

"வெள்ளிக்கிழமையிலருந்து."

"நானும் வாரேன்" என்றாள் ரூபி.