சேமிக்கச் சேமிக்க மறைந்தவை

தலதா மாளிகையில் குண்டு வெடித்த மறு வருடம். கண்டியில் லொட்ஜுகளிலும் கடைகளிலும் வேலை செய்த தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பையன்களைப் படையினர் சுற்றிவளைத்துப் பிடித்துப் போவதும், பெற்றோர் அவர்களைத் தேடி அலைவதும் வழக்கமாகிவிட்டிருந்தது. யட்டிநுவர வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில், அப்படி வருகிறவர்களுக்கென்று ஒரு சட்ட உதவி நிலையம் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர் பாலேந்திரன் அதை நடத்தினார். யாழ்ப்பாணத்தவர். தமிழில் தட்டச்சு செய்ய டொரதியும், சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சிங்களப் பெண்ணான சந்திரிகாவும் இருந்தார்கள்.

பெற்றோர் சொல்லச் சொல்ல டொரதி நேராகக் கணினியிலேயே அடித்துவிடுவாள். கையால் எழுதி வைப்பதில்லை. சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கிளறுவது காகிதத்தைத்தான். மை விலையும் ஏறிப் போயிருந்ததால், வாரக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து அச்சிட்டுக் கொழும்புக்கு வழக்கறிஞரிடம் அனுப்புவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அச்சிட உட்கார்ந்தபோது, அந்த வாரம் அடித்த வாக்குமூலங்களில் கடைசியாக அடித்தது மட்டுமே இருந்தது.

"மற்றதெல்லாம் எங்க பிள்ளை?" என்றார் பாலேந்திரன்.

"சேவ் பண்ணினேன் சேர். ஒவ்வொண்ணையும் முடிச்ச கையோட சேவ் பண்ணினேன்."

திகனவிலிருந்து ஜவாஹிரைக் கூப்பிட்டார்கள். அந்தக் கணினியை அவர்களுக்கு விற்றவர் அவர்தான். வைரஸ் பார்த்தார், வன்வட்டைச் சோதித்தார், மூடியைக் கழற்றித் தூசு தட்டினார். பிறகு நெற்றியைத் தடவினார்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சேர். நல்லாத்தான் ஈக்குது. ஆராவது கை வெச்சிருந்தா அது எனக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தை பாலேந்திரனின் மனதில் தைத்துக்கொண்டது. சந்திரிகாவின் தம்பி இராணுவத்தில் இருந்தான். அவள் அதை மறைத்ததில்லை. முன்னறையில் அவளுடைய கணினியில் இருந்த சிங்களக் கடிதங்கள் ஒன்றுகூடக் காணாமல் போகவும் இல்லை. திங்கட்கிழமை பாலேந்திரன் டொரதியின் அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார்.

"ஆரையும் குற்றம் சொல்லேல்லை. ஆனா இனி நீர் மட்டும் இதுக்குள்ள இருந்தாப் போதும்," என்றார்.

சந்திரிகா வாசலில் நின்று அந்தப் பூட்டைப் பார்த்தாள். அன்று முதல் மத்தியானச் சாப்பாட்டையும் தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிட்டாள்.

பூட்டிய அறையிலும் வாக்குமூலங்கள் மறைந்தன. ஹேவாஹெட்ட தோட்டத்து வீரய்யா வந்து, லொட்ஜில் பிடிபட்ட தன் மகனைப் பற்றி அழுதழுது சொன்னதை டொரதி அடித்துச் சேமித்தாள். அடுத்து ஒரு தாய் சொன்னதை அடித்தாள். அதைச் சேமித்த பிறகு தேடிப் பார்த்தால் வீரய்யா இல்லை.

டொரதிக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு பயம் விலகி வேறொன்று வந்தது. வாக்குமூலம் சொல்ல வந்தவர்களைத் தவிர அறைக்குள் வேறு யாரும் வரவில்லை. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்தோடு கிடந்தது. அப்படியானால் இது நடப்பது தன் கைக்குக் கீழேதான். எப்படி?

அடுத்த நாள் காலை யாரும் வருவதற்கு முன்னே பொய்யாக ஒரு வாக்குமூலம் அடித்தாள். 'வாக்குமூலம்' என்று தலைப்பு, அதன் கீழே 'இன்று மழை'. சேமித்தாள். திறந்து பார்த்தாள், இருந்தது. இன்னொன்று: அதே தலைப்பு, அதன் கீழே 'இன்று வெயில்'. சேமித்தாள். திறந்தாள். வெயில் இருந்தது. மழையைக் காணோம்.

தலைப்பே இல்லாமல் ஒன்று அடித்துப் பார்த்தாள். அது தங்கியது, வெயிலும் அப்படியே இருந்தது. அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னறைக்கு ஓடினாள்.

"சந்திரிகா, கொஞ்சம் வாங்க. ஒண்ணு பார்க்கணும்."

"அந்த ரூமுக்கு நான் வரக் கூடாதுதானே?" சந்திரிகா தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கலஹாவில் வளர்ந்தவள், தமிழ் நன்றாகவே பேசுவாள்.

"நான் கூப்பிடுறேன். வாங்க. சத்தியமா இது நீங்க இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சந்திரிகா எழும்ப நேரமெடுத்தது. ஆனால் வந்தாள். டொரதி மறுபடி தலைப்பை அடித்துச் சேமிக்கும் விசையை அழுத்தினாள். ஒரு சிறிய பெட்டி வந்தது. அவள் வழக்கம்போல விரலை என்டருக்குக் கொண்டு போனாள்.

"நில்லுங்க, நில்லுங்க!" சந்திரிகா அவள் கையைப் பிடித்தாள். "பேர் போடல்லையே நீங்க?"

"அதுவே ஏதோ போட்டுக்குதே."

"என்ன போட்டிருக்குன்னு பாருங்க. டி, எச், எஃப். அவ்வளவுதான்."

இருவரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். டொரதி விசைப்பலகையைத் தடவினாள். 'வ' என்றால் டி விசை. துணைக்காலுக்கு எச். 'க' என்றால் எஃப். அதன் மேல் வைக்கும் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை.

"முதல் வரியைத்தான் இது பேராக எடுக்குது," என்றாள் சந்திரிகா மெதுவாக. "ஆனா இதுக்குத் தமிழ் தெரியாது, நாம அமுக்குற இங்கிலீஷ் விசைதான் தெரியும். அரைப்புள்ளி வந்ததும் வசனம் முடிஞ்சதுன்னு நினைச்சு நிப்பாட்டிடுது."

"அப்ப எல்லா வாக்குமூலத்துக்கும் ஒரே பேரா?"

"இப்ப என்டர் அடிங்க."

அடித்தாள். இரண்டாவது பெட்டி வந்தது. அதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"இது 'சேமிக்கவா'ன்னுதானே கேக்குது?"

"இல்ல டொரதி. இந்தப் பேரில ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதைத் தூக்கிட்டு இதை வைக்கவான்னு கேக்குது."

டொரதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் 'ஆம்' என்று சொன்னது அவள்தான். சந்திரிகா தன் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் கொடுத்து வந்ததால் அவளுடையவை தப்பின. முன்பெல்லாம் டொரதியின் வாக்குமூலங்களும் தப்பித்தான் இருந்தன. அப்போது அவை ஆளின் பெயரோடு தொடங்கின.

பாலேந்திரன் வந்ததும் இருவரும் சேர்ந்து செய்து காட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வெள்ளிக்கு முந்தின திங்கள் எல்லாத்துக்கும் தலைப்புப் போடச் சொன்னது நான் எல்லோ," என்றார். பிறகு சந்திரிகாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் உம்மைப் பிழையா நினைச்சிட்டன். தம்பி ஆமியில எண்டதால நினைச்சன். அது சரியில்லை."

"எனக்குத் தெரியும் சேர்," என்றாள் அவள். "நினைச்சதும் தெரியும்." அன்று மத்தியானம் டொரதி தன் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு சந்திரிகாவின் மேசைக்குப் போனாள்.

ஜவாஹிர் விஷயத்தைக் கேட்டதும் பஸ் பிடித்து வந்துவிட்டார். "அல்லாவே, இதை நான் யோசிக்கவே இல்லையே! இன்னொருக்கா செஞ்சு காட்டுங்க தங்கச்சி," என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்துப் பார்த்தார். அழிந்த கோப்புகளை மீட்கும் ஒரு நிரல் அவரிடம் இருந்தது. இழந்தவற்றில் பாதிக்கும் மேல் திரும்பி வந்தன. வீரய்யாவினுடையதில் தலைப்பும் ஊர்ப்பெயரும் மட்டும் இருந்தன. அதற்குக் கீழே வேறு யாரோ ஒருவரின் வாக்குமூலத் துண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

வீரய்யாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மலையிலிருந்து மறுபடி இறங்கி வந்தார்.

"திருப்பியும் சொல்லணுமாம்மா?"

"மன்னிச்சுக்குங்க ஐயா. அது அழிஞ்சுபோச்சு."

"பரவால்லம்மா. போன தடவை அழுதுகிட்டே சொன்னதுல பாதிய விட்டுட்டேன்."

இந்தத் தடவை அவர் நிதானமாகச் சொன்னார். மகன் வேலைக்குப் புறப்பட்ட காலையில் சப்பாத்து சேறாகக் கூடாதென்று கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்ததைச் சொன்னார். மகன் தன்னிடம் வேலை செய்கிறான் என்று லொட்ஜ் முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றியும் இப்போதுதான் சொன்னார். டொரதி அடித்தாள். பெயர் கேட்கும் பெட்டி வந்தபோது சந்திரிகா பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்ட, வீரய்யாவின் பெயரை ஆங்கிலத்தில் இட்டாள்.

வழக்கறிஞர் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். அதனால்தானோ, வேறெதனாலோ, சில மாதங்களில் பையனை விட்டார்கள். ஒரு நாள் தகப்பனும் மகனும் நிலையத்துக்கு வந்தார்கள். தன்னைப் பற்றி அப்பா என்ன சொன்னார் என்று பார்க்கலாமா என்று பையன் கேட்டான். டொரதி கோப்பைத் திறந்து கதிரையை அவனுக்கு விட்டாள்.

அவன் மெதுவாக வாசித்தான். சப்பாத்து வந்த இடத்தில் நின்றான்.

"அப்பா, நீங்க அன்னைக்குத் தூங்கலையா?"

"லயத்து வீட்டு வாசல்லதான் நின்னேன்," என்றார் வீரய்யா.