இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டும் ஒரு மூட்டை மாவும்

1

"ஏம்மா, தப்பா எழுதினதை இப்படியா கிறுக்கி அடிச்சு வைப்ப? மேல கொஞ்சம் ஒயிட்னர் பூசிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

நான் கதை எழுதும் நோட்டு அகப்பட்ட அன்று அப்பா கேட்டார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். நான் அதே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். நோட்டை ஒளிக்கும் இடத்தை மாற்றினேன். பிறகு தேர்தல் வந்தது. நாட்டுக்கே ஒயிட்னர் பிடித்துப்போனது. கதை பிறந்தது அப்படித்தான்.

2

தொடக்கம்: மலாவியின் பொருளாதாரம் இன்று ஒரு முக்கியமான—

(அடித்துவிட்டேன். ரேடியோவில் பேசுகிறவர் மாதிரி இருக்கிறது. அவருக்குச் சம்பளம் வருகிறது.)

மறுபடி: பலாக்கா சந்தையில் அம்மா சுட்டு விற்கும் மந்தாசி என்கிற மாவுப் பணியாரம் தேர்தலுக்கு முன் என் உள்ளங்கை அளவு இருந்தது. இப்போது எண்ணெயில் போட்டால் தேட வேண்டியிருக்கிறது. விலை அதேதான். எங்கள் நாட்டில் விலைவாசி ஏறுவதில்லை; பண்டம்தான் பணிவாக ஒடுங்கிக்கொள்கிறது.

இது இருக்கட்டும்.

3

அப்பா தேர்தல் அதிகாரியாக இருந்த வாக்குச்சாவடியில் ஆளுங்கட்சிக்கு விழுந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. அவரே எண்ணி, எழுதி, கையெழுத்திட்டார். தலைநகரம் போய்ச் சேர்ந்த தாளில் முதல் இரண்டின் மேல் ஒயிட்னர், அதன் மேல் ஆறு. வழியில் குட்டி போட்டிருக்கும்.

ஊர்வலம், கல், கண்ணீர்ப்புகை. லாரிகள் நின்றன. தப்பி வந்த மாவெல்லாம் ஆளுங்கட்சியின் வட்டாரத் தலைவர் சூசேயின் கிடங்கில் இறங்கியது. விலை வைத்தவர் அவர். விலையைத் தட்டிக்கேட்க வேண்டிய அதிகாரியை வைத்தவரும் அவர். சந்தையில் பதினோரு அடுப்பு இருந்தது, எரிவது மூன்று. நாளை அம்மாவுடையதும்—

(முடிக்க மனமில்லை.)

4

சூசே என்ற பாத்திரத்தில் எனக்கே நம்பிக்கையில்லை. இத்தனை இனிமையாகப் பேசும் வில்லனை யார் நம்புவார்கள்? ஆனாலும் நேற்று மத்தியானம் எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஒரு மூட்டை மாவை இறக்கி வைத்தான்.

"வாத்தியாரே, கேஸ் கோர்ட்டுக்குப் போவுது. எண்ணுறப்போ தப்பாயிடுச்சு, நான்தான் பூசித் திருத்தினேன்னு ஒரு கையெழுத்து. வாரா வாரம் ஒரு மூட்டை வரும், பழைய விலைக்கே."

"ஐயா, எங்க சாவடியில மொத்த ஓட்டே ஐந்நூத்தி நாப்பதுதான். அறுநூத்திப் பன்னெண்டு எப்படி..."

"ஆர்வம், வாத்தியாரே! மக்களுக்கு அவ்ளோ ஆர்வம்!"

அம்மா இடையில் புகுந்தாள். "மிச்சம் எழுபத்திரெண்டு பேரு இருக்காங்கல்ல, அவங்களை நம்ம கடைப்பக்கம் அனுப்பிவைங்க பெரியவரே. ஆளுக்கு ரெண்டு மந்தாசி தின்னட்டும்."

சூசே விழுந்து விழுந்து சிரித்தார்.

5

முடிவு ஒன்று: அப்பா கையெழுத்திடுகிறார். மந்தாசி உள்ளங்கை அளவுக்கு வளர்கிறது. ரேடியோக்காரர் அதை வளர்ச்சி என்கிறார்.

முடிவு இரண்டு: மறுக்கிறார். நீதி வெல்கிறது. தேதி பிறகு அறிவிக்கப்படும். அடுப்பு மட்டும் நாளைக்கே அணைகிறது.

எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. உங்களுடையதை எழுதிக்கொள்ள இங்கே இடம் விடுகிறேன்:

...

நான் பார்த்தது இவ்வளவுதான். அப்பா பேனாவின் மூடியைத் திறந்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து மூட்டையைத் தலையில் ஏற்றினாள். எங்கள் வாசலிலிருந்து இடப்பக்கம் போனால் சந்தை. வலப்பக்கம் சூசேயின் வண்டி நின்றது. யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.