வெள்ளிக்கிழமை தொலைந்த கணக்கு

நவநீதகிருஷ்ணனிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான் இருந்தது: ஸ்லீப். புரோகிராம் எங்கே முரண்டு பிடித்தாலும் ‘ரெண்டு செகண்டு தூங்கு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில் நடந்த அந்தச் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவன்தான் சீனியர். நாகஜோதி அவனுக்குக் கீழே.

அவன் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றுக்கு உற்பத்திக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். சில வெள்ளிக்கிழமைகளில் அதில் பாண்டிசெல்வி என்ற தொழிலாளியின் மெஷினுக்கு மட்டும் ஷிஃப்டின் கடைசிக் கணக்கு விழவில்லை. கோவிலுக்குப் போக மெஷினை முன்னாடியே நிறுத்துகிறாள் என்று மேனேஜர் சுயம்புலிங்கம் எல்லார் முன்னாலும் அவளை ஏசி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவளோ தினமும் கேட்டில் வந்து நின்றாள்.

“என் லேப்டாப்ல நல்லாத்தான ஓடுது. அந்தப் பொம்பள பொய் சொல்லுதா” என்றான் நவநீதகிருஷ்ணன். அவன் லேப்டாப்பில் மூன்று மெஷின்தான் உண்டு. மில்லில் வரிசை வரிசையாக நிற்கின்றன.

ஒரு வெள்ளிக்கிழமை நாகஜோதி மில்லுக்கே போய் உட்கார்ந்தாள். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியது. முதலாளி கற்பூரத்தட்டோடு வந்தார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்க வேண்டுமாம். திரை எரியும்போது சாமி கும்பிடக் கூடாதாம். கிளார்க் அவசரமாக புரோகிராமை மூடினான். மற்ற நாளெல்லாம் அதை யாரும் மூடுவதே இல்லை.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மெஷின்கள் அனுப்புவதை ஒரு த்ரெட், அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையாள், வாங்கி வரிசையில் போடும். இன்னொரு த்ரெட் அதை எடுத்து டிஸ்கில் எழுதும். சங்கு ஊதியதும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கணக்கை அனுப்பும். மூடச் சொன்னால் இவற்றை மேய்க்கும் மெயின் த்ரெட் ரெண்டு செகண்டு தூங்கி எழுந்து, எழுதுகிறவன் முடித்தானா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கடையைச் சாத்திவிடும். எழுதுகிற த்ரெட் முந்தினால் கணக்கு விழும், பிந்தினால் போச்சு. பாண்டிசெல்வியின் மெஷின்தான் வரிசையில் கடைசி.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில், நவநீதகிருஷ்ணன் முன்னாலேயே, எழுதும் த்ரெட்டை வேண்டுமென்றே மெதுவாக்கி, புரோகிராமை மூடிக் காட்டினாள். கடைசி மெஷின் காணோம். மறுபடி மூடினாள். மறுபடியும் காணோம்.

“ரெண்டைப் பத்தாக்கிட்டாப் போதும்லா” என்றான் நவநீதகிருஷ்ணன், பெரிய கண்டுபிடிப்பைப் போல.

“இன்னும் நாலு மெஷின் வாங்குனா? எம்புட்டு நேரம் தூங்கப் போறிய சார்?”

புதுக் கணக்கு வாங்குவதை முதலில் நிறுத்தி, வரிசையில் இருப்பதையெல்லாம் எழுதும் த்ரெட் எழுதி முடிக்கிறவரை மெயின் த்ரெட்டைக் காக்க வைக்கும் நாலு வரியை அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள். அது பென் டிரைவில் இருந்தது.

சுயம்புலிங்கம் பாண்டிசெல்வியை உள்ளே கூப்பிட்டார். “போனாப் போகுது. இந்த ஒரு தடவ மன்னிச்சிருக்கோம். நாளையிலருந்து வா.”

“மன்னிக்க இவிய என்ன சார் செஞ்சாவ?” என்று கேட்டாள் நாகஜோதி. “தப்பு எங்கன்னு இவியகிட்ட சொல்லுங்க. பொறவு இத ஏத்துதேன்.” பென் டிரைவை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

நவநீதகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்தான். மேனேஜர் தொண்டையைச் செருமினார். “கம்ப்யூட்டர்ல சின்னத் தப்பும்மா.”

பாண்டிசெல்வி அந்தப் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“களவாணிச் சிறுக்கின்னு அம்புட்டுப் பேர் முன்னால ஏசுனதும் இந்தப் பெட்டிதானா சார்?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின் இருக்கும் பக்கம் நடந்தாள். நாளைக்கு அல்ல, அன்றைக்கே.