ஈர மண்

புஷ்பவல்லி ஆன்டி பின்வேலிக்கு மேல் தலையை நீட்டி, "சுகு, வீட்ல விசேஷம்னு சொல்லவே இல்ல பாத்தியா!" என்றபோது, சுகுமாறன் மனைவி மலர்விழியின் கிளினிக் சீருடையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். என்ன விசேஷமென்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆன்டி தாடையால் சுவரைக் காட்டினார். கூரை விளிம்புக்குக் கீழே, காலை வெயில் படும் இடத்தில், அவன் பொங்கல் கழித்து மாட்டிய மரப்பெட்டி. உள்ளே நாற்பது மூங்கில் குழல்கள், சுண்டுவிரல் கனத்தில், பின்பக்கம் கணுவோடு வெட்டியவை. ஏழு குழல்களின் வாய் மண்ணால் அடைபட்டிருந்தது.

"குளவி கூடு கட்டிருக்கு லா. அப்புறம் என்ன?"

"ஆன்டி, அது குளவி இல்ல, தேனீ."

"மண்ணு பூசுதா இல்லையா?"

"பூசுது."

"அப்பன்னா குளவிதான். முந்தாநேத்தே கோயில்ல உங்கம்மாவ பாத்தேன், சொல்லிட்டேன்."

குளவி மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறாள் என்பதில் மலேசியாவின் கிள்ளானில் மூன்று தலைமுறையாக யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சுகுமாறனுக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சங்கதிதான். போர்ட்டில் கிரேன் ஓட்டுகிறவன், நாற்பது டன் பெட்டியை முட்டாமல் மோதாமல் இறக்கத் தெரிந்தவன். இந்தச் சின்னப் பெட்டியை மாட்டியபோது மட்டும் அது அவன் புத்தியில் உறைக்கவில்லை.

இரண்டு வருடத்தில் இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போயிருந்தன. இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில். மலர்விழி அழுது முடித்து, மறுபடியும் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் பல் கிளினிக்குக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மஞ்சள் சாயம் அடித்து வைத்திருந்த சின்ன அறையின் கதவைச் சாத்தியவள், அதைப் பற்றிப் பேசவில்லை. அவனும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவனுக்கு ஒரு கைவேலை வேண்டியிருந்தது. யூடியூப்பைப் பார்த்து மூங்கில் வெட்டினான்.

வேலையில்லாத நாட்களில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். இந்தத் தேனீக்களுக்கு ராணி கிடையாது, கூட்டம் கிடையாது. ஒவ்வொன்றும் தனி ஆள். மகரந்தம் கொண்டுவந்து குவித்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, மண்சுவர் எழுப்பி, அடுத்த அறையைத் தொடங்கும். கடைசியில் குழலின் வாயையும் பூசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். பூச்சுக்கு மண் வேண்டுமே என்று பக்கத்திலேயே ஒரு பழைய கேக் தட்டில் களிமண் வைத்திருந்தான். ஒரு மாதமாக மழையே இல்லை, ஆனாலும் தட்டு காயவில்லை. மேலே ஏர்கான் குழாய் சொட்டுகிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

போன் அடித்தது. அம்மா.

"ஆன்டி சொன்னாங்கடா. நாளைக்கு ஊறுகா போட்டு எடுத்துட்டு வரேன். மலருக்கு இப்பதான் மெசேஜ் போட்டேன்."

"அம்மா, அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"ரெண்டு நாளா சாமிக்கு விளக்கு போட்டுட்டு இருக்கேன்டா" என்றார் அம்மா.

சனிக்கிழமை. மலர்விழிக்கு அரை நாள்தான், இந்நேரம் ரயிலில் இருப்பாள். இனி வருகிறவர் போகிறவரெல்லாம் இந்தப் பெட்டியைப் பார்ப்பார்கள், அடுத்து அவள் வயிற்றைப் பார்ப்பார்கள். பெட்டியை அசைத்தால் மகரந்தத்திலிருந்து முட்டை நழுவிவிடும், உள்ளே ஒன்றும் பிழைக்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். கைக்குழந்தையைத் தூக்குகிறவன் மாதிரி மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எதுக்கு கழட்டுனீங்க?"

பின்கதவில் மலர்விழி நின்றிருந்தாள். தோளில் இன்னும் பை. கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா மெசேஜ்..."

"ட்ரெயின்லயே பாத்தேன்."

"சாரி மலர். இத நான் மாட்டிருக்கவே கூடாது."

பையை இறக்கி வைத்தாள். குழாயைத் திறந்து ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து, கேக் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இரண்டு விரலால் களிமண்ணைப் பிசைந்தாள். பழகிய கை.

"அதுக்கு எதுக்கு தண்ணி? ஏர்கான் சொட்டுதே."

"அந்த ரூம்ல யாருங்க ஏர்கான் போடுறா?"

சுகுமாறன் நிமிர்ந்து பார்த்தான். மஞ்சள் அறையின் குழாய். அதன் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. காலையில் அவள் ரயிலுக்குக் கிளம்புமுன் பின்கதவு திறக்கும் சத்தம் தினமும் அவன் காதில் விழத்தான் செய்தது. குப்பை போடப் போகிறாள் என்று புரண்டு படுத்துக்கொள்வான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த குளவிக் கதை... உனக்குத் தெரியும்தானே?"

"தெரியாம இருக்குமா?" விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டின் விளிம்பில் வழித்தாள். "ஆன்டி இப்பத்தான் எண்ணுனாங்க. தேனீ மொத குழல அடைச்ச நாள்லேர்ந்து நான் எண்ணிட்டு இருக்கேன்."

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பேசாமை பழைய பேசாமை இல்லை.

சுவரில் இரண்டு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு தேனீ, வாயில் மண் உருண்டையோடு, முன்னும் பின்னும் பறந்து வீட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, மாட்டுங்க" என்றாள் மலர்விழி. சரியாமல் இரு கையாலும் பெட்டியை அடியில் ஏந்திக்கொண்டாள். அவன் முக்காலியில் ஏறித் திருக ஆரம்பித்தான்.

"உள்ள இருக்கறது தப்பிச்சிருக்குமா?"

"தெரியல மலர்."

அவள் பைக்குள் போன் அடித்து ஓய்ந்தது. தேனீ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எட்டாவது குழலின் வாயில் உட்கார்ந்தது. திருகு இறுகிவிட்டது என்று அவன் சொன்ன பிறகும், மலர்விழி பெட்டிக்கு அடியிலிருந்து கைகளை எடுக்கவில்லை.