எதிராக விழுந்த ஒரே ஓட்டு

தையல்காரியின் கதவைத் தட்ட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவரும் சொந்தக்காரர் இல்லை, குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். மற்றபடி யார் வரப்போகிறார்கள்? கட்டினவன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. அவள் தைக்கும் ஜன்னல் திரைகளைக்கூடக் கடை வண்டிக்காரன் கீழே காவலாளியிடமே வாங்கிக்கொண்டு போய்விடுவான். சில நாள் தலைவரிடம் பேச வாயைத் திறக்கும்போதுதான் தொண்டை கட்டியிருப்பதே அவளுக்குத் தெரியவரும்.

தலைவர் வருவதற்கும் ஒரு காரணம் இருந்தது. அங்கே சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குத்தான் ஓட்டு. வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்துக்கே வரக்கூடாது. அவர்களிடம் நாமாவது போய்க் கேட்போமே என்று மனுஷர் காலையில் வாடகை வீடுகளுக்கு ஒரு நடை போய் வருவார். "என்னம்மா, ஏதாவது குறை உண்டா?" என்பார். தையல்காரிக்குக் குறைக்கா பஞ்சம்! தண்ணீர் வரவில்லை என்பாள், வந்தால் கலங்கல் என்பாள், அதுவும் இல்லாவிட்டால் மேல்வீட்டில் கட்டிலை இழுக்கிறார்கள் என்பாள். அவர் வாசற்படியில் நின்றபடியே தலையாட்டிக் கேட்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் காலையில் தலை வாரிக்கொள்வதே.

இந்த வருஷம், அங்கே சொந்த வீடு வைத்திருக்கும் பல் டாக்டரம்மா ஒருத்தி இரண்டு தீர்மானம் கொண்டுவந்தாள். வாடகைக்காரர்களுக்கும் ஓட்டு வேண்டும். ஒருவரே தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது. நல்ல தீர்மானங்கள்தான், யார் இல்லை என்றது? முதலாவது சொந்த வீட்டுக்காரர்கள் கூட்டத்திலேயே நிறைவேறிவிட்டது. இரண்டாவதுக்கான கூட்டத்துக்கு வாடகைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தலைவரே எழுந்து, "நான் உக்காந்து உக்காந்து நாற்காலியே தேஞ்சுபோச்சு. முதல் ஆளா நானே ஆதரிச்சு ஓட்டுப் போடறேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக ஓட்டுச் சீட்டு ஒன்று தையல்காரியின் கைக்கு வந்தது. தலைவர் இறங்கிவிட்டால் வீடு வீடாகப் போக வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. ஓட்டுதான் வந்துவிட்டதே, கூட்டத்தில் எழுந்து சொல்லிக்கொள்ளலாமே. டாக்டரம்மா சொல்வது நியாயம் என்று அவள் புத்திக்குத் தெரியும். புத்தியா அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது? 'வேண்டாம்' என்று எழுதி மடித்துப் போட்டாள். தன்னைப்போல நாலைந்து பேராவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்தாள்.

டாக்டரம்மா பெட்டியைக் கவிழ்த்து எண்ணினாள். "எல்லாம் ஆதரவு. எதிரா ஒண்ணே ஒண்ணு."

பின்வரிசையிலிருந்து ஒருவன், கார் விற்கிறவன், குரல் கொடுத்தான். "அந்த ஒண்ணு யாருதுன்னு நான் சொல்லணுமா? வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு செய்யுது."

கூடமே சிரித்தது. "நான் போடலைப்பா" என்றார் தலைவர். சிரிப்பு இன்னும் கூடியது. "விடுங்க தலைவரே, பதவி ஆசை யாரை விட்டுது" என்றான் அவன். அவர் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷம் அடுத்த வீட்டுத் தண்ணீருக்காக நாயாய் அலைந்த மனிதர், பொய்யர் என்ற பேரோடு இறங்கப் போகிறார்.

தையல்காரி அவர் முகத்தையே பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பழக்கதோஷத்தில் நாளைக்கே அவர் வந்தாலும் வருவார். எழுந்து சொல்லிவிட்டாலோ, அவ்வளவுதான். பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிற மனுஷர். தலைவராக வந்து நின்றவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இனிமேல் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

அவள் எழுந்தாள்.

"அது என் ஓட்டு."

டாக்டரம்மா பதறினாள். "அக்கா, இது ரகசிய ஓட்டு. நீங்க சொல்லணும்னு இல்ல."

"சொல்லித்தான் ஆகணும். பழி அவர் மேல விழுது."

"தீர்மானம் உங்களுக்குப் பிடிக்கலையா?"

"தீர்மானம் நல்லதுதான்மா. இவர் இறங்கிட்டா என் கதவைத் தட்ட ஆள் இல்ல. அதான் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கார் விற்கிறவன் செல்போனை எடுத்துப் பார்த்தான். தலைவரின் மனைவி தையல்காரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் கணவர் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மா, "புதுக் கமிட்டியில முறை போட்டு, ஆளுக்கு ஒரு வாரம் உங்களை வந்து பார்க்கச் சொல்றேன்க்கா" என்றாள், நல்ல மனசோடுதான்.

"வேண்டாம்மா" என்றாள் தையல்காரி.

கூட்டம் கலைந்தது. தலைவர் அவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். கிட்டே வந்ததும் ஒரு கணம் தயங்கினார். எல்லார் கண்ணும் அங்கேதான். "ரொம்ப நன்றி" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மனைவியோடு வெளியே போனார். அதற்குமேல் ஒரு சொல் பேச முடியாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தையல்காரி அழவில்லை என்று சொன்னால் அது பொய். வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். யாரும் வந்து ஏன் என்று கேட்கப் போவதில்லை. அதனால் வேண்டுமட்டும் அழ முடிந்தது.